அலுவலக வண்டியில் ஓர் அரிக்கேன் விளக்கு

எங்கள் அலுவலக வண்டியின் பின்பக்கம், ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில், ஓர் அரிக்கேன் விளக்கு எப்போதும் இருக்கும். பழைய துண்டில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்திருப்போம். கூடவே ஒரு பாட்டிலில் மண்ணெண்ணெய். எங்கள் மேலாளர் அந்த விளக்கை மதுரையில் ஒரு பழம்பொருள் கடையில் கேட்ட விலை கொடுத்து வாங்கினார். கீரைக்காரியிடம்கூடப் பேரம் பேசுகிற மனிதர் அவர். அந்த ஒரு விளக்குக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அது எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டேன். "நம்ம போற ஊர்ல எவன்மா இப்ப அரிக்கேன் வச்சிருக்கான்? நாமதான் கொண்டு போகணும்" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அலுவலகம் காளவாசலில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. தொழிலைச் சுருக்கமாகச் சொன்னால், கரண்ட் இல்லாதவர்களைப் பணம் உள்ளவர்களுக்குக் காட்டுவது. பணம் உள்ளவர் மனம் வைத்தால் சோலார் பலகை, பேட்டரி, தெருவுக்குக் கம்பி எல்லாம் வரும். ஊர்க்காரர்கள் மாதாமாதம் கட்டணம் கட்டுவார்கள். முதலீட்டாளருக்கு லாபமும் கிடைக்கும், புண்ணியமும் கிடைக்கும். காகிதத்தில் படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நானும் முதல் வருடம் நம்பினேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

என் வேலை முன்னால் போய் ஊர்க்காரர்களிடம் படிவம் நிரப்புவது, பிறகு முதலீட்டாளர் வரும்போது மொழிபெயர்ப்பது. ஆங்கிலம் எம்.ஏ. படித்தவள், மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கூலிவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் இரண்டு பக்கமும் ஒத்துப்போவேன் என்று மேலாளர் கணக்குப் போட்டு எடுத்துக்கொண்டார். அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தலையாட்ட எனக்கு நன்றாக வந்தது.

தொழிலில் ஒரே ஒரு சிக்கல். எங்கள் ஜில்லாவில் கரண்ட் இல்லாத ஊர் கிடைப்பது குதிரைக்கொம்பு. எங்காவது ஒரு குடிசைக்கூட்டம் இருட்டில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஓடுவோம். போய்ச் சேர்வதற்குள் மின்வாரியத்தார் போஸ்ட் நட்டிருப்பார்கள். "போச்சு, இதுவும் போச்சு" என்று மேலாளர் வண்டிக்குள் நெற்றியில் அடித்துக்கொள்வார். ஏழை வீட்டில் விளக்கு எரிந்ததற்காகத் துக்கம் கொண்டாடிய மனிதரை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அப்படிப்பட்டவருக்குப் பேரையூரைத் தாண்டி அந்த இடம் அகப்பட்டபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வறண்ட கண்மாய்க் கரையோரம் இருபத்திரண்டு வீடுகள். அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்தும் சோளம் அறுத்தும் வாழ்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இப்போது சென்ட்ரிங் வேலைக்கும் மில் வேலைக்கும் போகிறார்கள். இடம் புறம்போக்கு. வீட்டுக்குக் கரண்ட் கேட்டால் பட்டா கொண்டு வா என்கிறது ஓர் ஆபீஸ். பட்டா கேட்டால் புறம்போக்குக்குத் தர முடியாது என்கிறது இன்னோர் ஆபீஸ். தலைக்கு மேலே மட்டும் ஒரு பெரிய லைன் 'ஙொய்' என்று இரைந்துகொண்டு எங்கோ இருக்கும் மில்லுக்குப் போகிறது. மேலாளர் அண்ணாந்து அந்தக் கம்பியைப் பார்த்தார், குனிந்து வீடுகளைப் பார்த்தார், "அருமையான இடம்மா" என்றார்.

படிவம் நிரப்ப நான் மூன்று முறை போனேன். ஒவ்வொரு முறையும் வீடு வீடாக என்னைக் கூட்டிப்போனது ஒரு சென்ட்ரிங் தொழிலாளி. முப்பது வயதிருக்கும். முதல் நாள் என்னை மேடம் என்றான். நானும் கூலிக்காரர் வீட்டுப் பெண்தான் என்று தெரிந்ததும் அக்கா என்று மாறிவிட்டான். ஊருக்கு எதற்கெல்லாம் கரண்ட் வேண்டும் என்று படிவத்தில் ஒரு கேள்வி. மற்றவர்கள் டிவி, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் என்று சொன்னார்கள். அவன் சொன்னது வேறு.

"எம் பொண்டாட்டி வரணும்க்கா."

அவன் மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள். பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகியும் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அவள் பிறந்தது ஃபேன் ஓடும் வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் கொசுவையும் புழுக்கத்தையும் அவனுக்காகப் பொறுத்துக்கொண்டாள். பிள்ளையை அந்த இருட்டில் போட்டு வளர்க்க அவளால் ஆகாது. "லைட்டு வந்தா மறுநாளே வாரேன்னு சொல்லிட்டா. அவ சொல்றதும் ஞாயந்தானக்கா? பிள்ள வேர்த்து வேர்த்து அழுகுதுன்னா யாரு பாக்கிறது?" என்றான்.

படிவத்தில் டிவி, மிக்ஸி, மோட்டார், இதர என்று கட்டங்கள் இருந்தன. நான் 'இதர'வில் டிக் அடித்தேன்.

அதே படிவத்தின் கடைசிப் பக்கத்தில் நிலத்தின் உரிமை என்று ஒரு கட்டம் உண்டு. புறம்போக்கு என்று எழுதினேன். பட்டா இல்லாத இடத்தில் எந்த முதலாளியும் பலகை நட மாட்டான் என்பது எனக்கு அப்போதே அரைகுறையாகத் தெரியும். மேலாளரிடம் சொன்னேன். "அத அப்புறம் பாத்துக்கலாம்மா, மொதல்ல ஆளு வந்து எடத்தப் பாக்கட்டும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சென்ட்ரிங் தம்பி என்னிடம் கரண்ட் எப்போது வரும் என்று கேட்டபோது, "எல்லாம் நல்லபடியா போனா அடுத்த மாசமே வேலை ஆரம்பிச்சிருவாங்க" என்று சொன்னேன். வாய்கூசாமல் சொன்னேன். "வர்றவங்க மனசு குளிரணும், நல்லாப் பாத்துக்கங்க" என்று வேறு சொல்லி வைத்தேன்.

முதலீட்டாளர் மும்பையிலிருந்து வந்தார். ஐம்பது வயதுக்காரர். வேண்டுமென்றே கசங்கவிட்ட சட்டை. அவருடன் ஒரு போட்டோக்காரன். காலையில் கோவில் பார்த்தார்கள். மதியம் நட்சத்திர ஓட்டலில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, கிராமத்துச் சாப்பாடு பிரமாதம் என்றார் அவர். ஊருக்கு எத்தனை மணிக்குப் போவது என்பதை மேலாளர் முன்னமே முடிவு செய்திருந்தார். "ஆறரைக்குத்தான் போய் எறங்கணும். இருட்டு தெரியணும்மா. பகல்ல போனா எல்லா ஊரும் ஒரே மாதிரிதான இருக்கும்."

திருமங்கலம் தாண்டிப் போகும்போது வண்டியில் முதலீட்டாளர் பேசிக்கொண்டே வந்தார். ஏழைகளை ஏழைகளாகப் பார்க்கக் கூடாதாம், வாடிக்கையாளர்களாகப் பார்க்க வேண்டுமாம். அதுதான் அவர்களுக்கு நாம் தரும் மரியாதையாம். மேலாளர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிராததால் ஜன்னல் வழியாகக் கருவேல முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கண்மாய்க் கரை ஏறித் திரும்பியதும் டிரைவர் தானாகவே பிரேக் போட்டான்.

ஊர் ஜெகஜோதியாக இருந்தது. ஊர் முகப்பில் சவுக்குக் கம்பு நட்டு, வரிசையாக டியூப்லைட் கட்டியிருந்தார்கள். வேப்பமரம் முழுக்கப் பச்சையும் சிவப்புமாகச் சீரியல் லைட் ஓடியது. மரத்தில் கட்டிய குழாயில் பாட்டு காதைக் கிழித்தது. இரண்டு வாழைமரங்களுக்கு நடுவே ஒரு பிளக்ஸ் போர்டு, அதில் இதுவரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஓர் அரசியல் பிரமுகர் கைகூப்பிக்கொண்டிருந்தார். கரைக்குப் பின்னால் ஜெனரேட்டர் திமுதிமுவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மேலாளர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். "வேற ஊருக்கு வந்துட்டமா?" என்றார். இல்லை, இந்த ஊர்தான். எங்கள் பக்கத்தில் காதுகுத்தோ பொங்கலோ சம்பந்தி வருகையோ, வருகிறவருக்கு மரியாதை என்றால் அது லைட் செட்தான். வருகிற ஆள் பார்க்க வருவதே தங்களிடம் வெளிச்சம் இல்லை என்பதைத்தான் என்று அந்த இருபத்திரண்டு வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விருந்தாளிக்கு இல்லாமையைக் காட்டுவது அவர்களுக்குப் பழக்கமே இல்லை. நல்லாப் பாத்துக்கங்க என்று சொன்னவளும் அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள்தான். எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

சென்ட்ரிங் தம்பி வெள்ளை வேட்டி சட்டையில் ஓடி வந்தான். முதலீட்டாளருக்கு மாலை போட்டான், மேலாளருக்குத் துண்டு போட்டான். என் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னான்.

"அக்கா, அவ வந்திருக்கா. மாமாதான் கூட்டியாந்திருக்காரு. லைட்டு வந்திருச்சு, வந்து பாருன்னு போன் போட்டுச் சொன்னேன்."

"வாடகை லைட்டுன்னு சொன்னியா?"

"அடுத்த மாசம் நெசமாவே வந்திரும்னு நீங்கதான சொன்னீக? ஒரு மாசத்துக்குள்ள என்னத்தக் கேட்கப்போறா. அதுவரைக்கும் வயரிங் ரிப்பேருன்னு சமாளிச்சிருவேன்."

அவன் காட்டிய பக்கம் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அவள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறைய மல்லிகை வைத்து, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை மரத்தில் ஓடும் விளக்கைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டியது. அவளுடைய அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊரை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார். அவள் கையில் ஒரு பெரிய பை. தங்க வந்திருக்கிறாள் என்று பையைப் பார்த்தாலே தெரிந்தது.

முதலீட்டாளர் மாலையைக் கழற்றியபடி, இங்கேதான் மின்சாரம் இருக்கிறதே என்றார். இது வாடகை, உங்களை வரவேற்க ஜெனரேட்டர் வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னேன். அவருக்கு ஒரே சிரிப்பு. எவ்வளவு இனிமையான மக்கள் என்றார். பிறகு போட்டோக்காரனைப் பார்த்தார். போட்டோக்காரன் உதட்டைப் பிதுக்கி, இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இருட்டு வேண்டும் என்றான்.

"எல்லாத்தையும் அணைக்கச் சொல்லும்மா" என்றார் மேலாளர்.

கொஞ்ச நேரம் போகட்டும் சார் என்றேன். அந்தப் பெண் உள்ளே போகட்டும் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்டார். அவள் புருஷன் லைட் வந்துவிட்டது என்று சொல்லி அவளை வரவழைத்திருக்கிறான், வாடகை என்று தெரிந்தால் போய்விடுவாள் என்று மெல்லச் சொன்னேன். "அது அவங்க குடும்ப விஷயம்மா" என்றார். இருபத்திரண்டு குடும்பங்களின் முன்னேற்றம் என்று அன்று காலைதான் இதே மனிதர் படம் போட்டு விளக்கினார்.

அப்போதாவது முடியாது என்று சொல்லியிருக்கலாம். லைட் கட்டியிருந்த மைக் செட்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, லைட்டக் கொஞ்சம் அமத்துங்கண்ணே" என்றேன்.

அவளுடைய அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். "எதுக்குமா அமத்தணும்? நல்லாத்தான எரியுது?"

மைக் செட்காரருக்கு இதில் மறைக்க என்ன இருக்கிறது? "வாடகை செட்டுதானய்யா, போடச் சொன்னா போடுறேன், அமத்தச் சொன்னா அமத்துறேன்" என்று சொல்லிக்கொண்டே ஜெனரேட்டர் பக்கம் போனார்.

திமுதிமு நின்றது. பாட்டு பாதியில் அறுந்தது. ஊர் முழுக்க ஒரே மூச்சில் இருண்டது. விளக்கைத் தேடிப் பிள்ளை வீறிட்டு அழுதது.

அந்த ஊரில் யார் வீட்டிலும் அரிக்கேன் இல்லை. எல்லோரும் பேரையூர் டீக்கடையில் சார்ஜ் போட்டு வந்த டார்ச்சை எடுத்து அடித்தார்கள். போட்டோக்காரன் டார்ச் வேண்டாம் என்று கையை ஆட்டினான். மேலாளர் வண்டிக்கு ஓடி அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். அவ்வளவு பயபக்தியாக அவர் வேறு எதையும் தூக்கி நான் பார்த்ததில்லை. விளக்கை ஏற்றினார். யார் கையில் பிள்ளை இருக்கிறதோ அவள்தான் வேண்டும் என்றான் போட்டோக்காரன். அவளைக் குடிசை வாசலில் நிற்க வைத்தார்கள். அவள் புருஷன் கையில் விளக்கைக் கொடுத்து ஓரமாகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அவன் பிடித்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் திராணி இல்லை.

போட்டோக்காரன் கேமராவை இறக்கிவிட்டு, அவள் கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி இருக்கிறாள், அந்தப் பூவை எடுக்கச் சொல்லுங்கள் என்றான்.

பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் சுமங்கலியிடம், புருஷன் பக்கத்தில் நிற்கும்போது, தலைப்பூவை எடு என்று சொல்ல வேண்டும். இதை நான் சொல்லமாட்டேன் சார் என்றேன். அந்த வேலையில் நான் மாட்டேன் என்று சொன்ன முதல் வார்த்தை அதுதான். மேலாளர் என்னை ஒதுக்கிவிட்டு, "அம்மாடி, அந்தப் பூவ மட்டும் கொஞ்சம் எடுத்துருங்க, ஒரு நிமிஷம்தான்" என்று பல்லைக் காட்டினார்.

அவள் மேலாளரை ஒரு பார்வை பார்த்தாள். பூவை எடுக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். பூ மறைந்துவிட்டது, பட்டு ரவிக்கையும் மறைந்துவிட்டது. அழுகிற பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, புருஷன் தூக்கிப் பிடித்த விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். போட்டோக்காரன் அற்புதம் அற்புதம் என்று சுட்டுத் தள்ளினான். அவள் தன் மானத்தை மறைத்துக்கொண்டது அவர்களுக்கு அசல் ஏழ்மையாகத் தெரிந்தது.

"மாப்ள, வாடகை லைட்டக் காட்டியா எம் பிள்ளைய வரச் சொன்னீக?" என்றார் மாமனார்.

அவன் விளக்கைப் பிடித்தபடியே, "அடுத்த மாசம் வந்திரும் மாமா. இந்தா, அக்காகிட்டக் கேளுங்க" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். படிவத்தின் கடைசிக் கட்டத்தில் என் கையால் எழுதிய புறம்போக்கு என்ற சொல் எனக்கு நினைவிருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அதுவே போதுமான பதிலாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டாள். அவளும் அப்பாவும் வந்த ஆட்டோ கரையடியில்தான் நின்றது, அதிலேயே ஏறிப் போய்விட்டார்கள். முதலீட்டாளர் வண்டியில் ஏறி உட்கார்ந்து, மறக்க முடியாத மாலை என்றார்.

கண்மாய்க் கரைக்குச் சோலார் வரவில்லை. நில உரிமையில் சட்டச் சிக்கல் என்று மும்பையிலிருந்து கடிதம் வந்தது. நான் எழுதிக் கொடுத்ததைத்தான் எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். பணம் மட்டும் வந்தது. வேறு பக்கத்தில் பட்டா உள்ள தரிசில் பெரிய சோலார் பண்ணை போட்டார்கள். அந்தக் கரண்ட் மில்லுக்குப் போகிறது. அதையும் கிராமப்புற மின் முதலீடு என்றுதான் எங்கள் ஆண்டறிக்கை சொல்கிறது. கிராமத்தில் இருக்கிறது, மின்சாரம்தான், முதலீடும்தான். எங்கே பொய் என்று யாரும் காட்ட முடியாது.

அந்தப் படத்தை அறிக்கையின் அட்டையில் போட்டார்கள். உண்மையில் நல்ல படம். வழுவழுத் தாளில் மூன்று முகமும் பொன் நிறத்தில் மின்னின.

சில மாதம் கழித்து அந்தத் தம்பி காளவாசல் ஆபீசுக்கு மாடி ஏறி வந்தான். மதுரையில் எங்கோ சென்ட்ரிங் வேலையாம், சட்டையெல்லாம் சிமெண்டு. அடிக்க வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அக்கா, அன்னைக்கு எடுத்த போட்டோ ஒண்ணு கெடைக்குமா? செல்லுல பிள்ள படம் இருக்கு. மூணு பேரும் சேந்து எடுத்தது அது ஒண்ணுதான்."

"அவ வந்தாளா?"

"இன்னும் இல்லக்கா. லைட்டு வரட்டும்ங்கிறா."

தனிப் பிரதி எங்களிடம் இல்லை. அறிக்கைப் புத்தகம் முதலீட்டாளர்களுக்கு மட்டும் என்று மேலாளர் பூட்டி வைத்திருந்தார். என் மேசையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் கையைக் கால்சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டு வாங்கினான். வெகுநேரம் பார்த்தான். கீழே இருந்த ஆங்கில எழுத்தைத் தொட்டு, "என்னக்கா போட்டிருக்காக?" என்று கேட்டான்.

வேறு ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். அவனிடம் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. "இருட்டில் வாழும் ஒரு குடும்பம்னு போட்டிருக்கு" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது.

"குடும்பம்னா போட்டிருக்காக? புஸ்தகத்துலயே போட்டிருக்குன்னு இதக் கொண்டுபோயி அவகிட்டக் காட்டுறேன்க்கா."

அட்டையை மடங்காமல் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனான். மறுநாள் இன்னொரு முதலீட்டாளர் வருவதாக இருந்தது. சாயங்காலம் வண்டியின் பின்கதவைத் திறந்து, அரிக்கேன் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி வைத்தது நான்தான்.